ஒரே ஊசியில் அல்சைமர் குணமாகிவிடுமா?

"அல்சைமருக்கு ஊசி வந்துவிட்டது, ஒரே தடவை போட்டால் போன ஞாபகமெல்லாம் திரும்பிவிடும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. ஊசி வந்தது உண்மை. மற்றது கட்டிவிட்ட கதை.

லெக்கனமாப் என்ற மருந்துக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023 ஜூலையில் முழு ஒப்புதல் தந்தது. ஒரே தடவை போடுவதல்ல. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என மாதக்கணக்கில் ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள். அதுவும் மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிந்திருப்பது உறுதியான ஆரம்பக்கட்ட நோயாளிகளுக்கு மட்டும்தான். சுமார் 1,800 பேரிடம் நடந்த ஆய்வில், மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களைவிட 18 மாதத்தில் நோய் முற்றும் வேகம் 27 சதவீதம் குறைந்தது. கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது; ஆனால் நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் அந்த வித்தியாசம் அரைப் புள்ளிகூட இல்லை. போன ஞாபகத்தை அது மீட்டுத் தருவதில்லை. சிலருக்கு மூளையில் வீக்கமோ ரத்தக்கசிவோ வரலாம் என்பதால் எம்ஆர்ஐ எடுத்துக் கண்காணிக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் அந்த நிர்வாகத்தின் இணையதளத்தில் மருந்துக் குறிப்பைப் பாருங்கள். அப்புறம், மறதி எல்லாமே அல்சைமர் அல்ல. வைட்டமின் பி12 குறைவாலும் தைராய்டு கோளாறாலும் வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு, டாக்டரிடம் காட்டுங்கள். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.