அது 1860-ஆம் ஆண்டுப் படம் அல்ல

‘1860-இல் சென்னை சென்ட்ரல்’ என்று ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நிலையத்தின் முன் டிராம், அதன் மேலே மின்கம்பி. அதில் சொல்லும் 1860 என்ற ஆண்டு தவறு.

1860-இல் சென்ட்ரலே இல்லை. 1856-இல் திறந்த ராயபுரம்தான் அன்று நகரின் ரயில் நிலையம். சென்ட்ரல் திறந்தது 1873-இல். மின்சார டிராம் ஓடியது 1895 முதல் 1953 வரை. அதிலும் தொடக்க காலத்தில் தரைக்கடியில் பதித்த குழாய்வழியே மின்சாரம் வந்தது. தலைக்கு மேல் கம்பி தெரிவதால், இது அதற்கும் பிந்தைய படம்.

இன்னொரு தடயம், நடந்துபோகிறவர்களின் கால்கள். 1860-களில் படமெடுக்கப் பயன்பட்ட, ஈர ரசாயனம் பூசிய கண்ணாடித் தகட்டுக்குப் பொதுவாகப் பல விநாடி ஒளி வேண்டும். நடப்பவர்கள் புகைபோல் கலைந்துவிடுவார்கள். இதிலோ எட்டு வைத்த கால்கூடத் தெளிவு.

பழைய படம் கிடைத்தால் முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்யாதீர்கள். ஓரங்களை வெட்டாமல், பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டுடியோ முத்திரையும், அஞ்சலட்டைப் படமானால் அஞ்சல் முத்திரையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அஞ்சல் முத்திரைத் தேதி, படம் அதற்கு முன் எடுக்கப்பட்டது என்பதற்கு மட்டுமே சான்று. ஆண்டு உறுதியாகாவிட்டால், இந்த சென்ட்ரல் படத்துக்கு எழுதலாம் என்பதுபோல், ‘1895-க்குப் பின்’ என்றே எழுதுங்கள்.