கவச உடையைக் கழற்றும் அந்தப் பத்து நிமிடங்கள்

மும்பை மருத்துவமனையொன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 14 ஆண்டுகளாகச் செவிலியராகப் பணிபுரிகிறேன். அடுத்த பெருந்தொற்றுக்கு நாம் ஆயத்தமாக இருக்கிறோமா என்று எங்கு பேச்சு எழுந்தாலும், பிபிஇ கிட் (உடல் முழுவதையும் மூடும் கவச உடைத் தொகுப்பு) எத்தனை இருப்பில் இருக்கிறது என்பதையே முதலில் கேட்கிறார்கள். அவற்றைக் கழற்ற எவ்வளவு நேரம் தருவீர்கள் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

தட்டுப்பாடு உண்மையாகவே இருந்தது, அதை மறுக்கவில்லை. 2020 மார்ச்சில் முழு உடல் கவச உடை நம் நாட்டில் ஏறத்தாழ உற்பத்தியே ஆகவில்லை. மே மாதத்துக்குள் நாளொன்றுக்கு 4 லட்சத்துக்கும் மேல் தைக்கப்பட்டன. துணியில் இரத்தம் ஊடுருவுகிறதா என்று கோவையில் உள்ள சிட்ரா என்ற ஜவுளி ஆய்வகம் சோதித்துச் சான்று கொடுத்தது. அந்த வேகத்தை நினைத்தால் இன்றும் பெருமையாக இருக்கிறது. ஆனால் உடை வந்து சேர்ந்த பிறகும் எங்கள் பிரிவில், ஒரு ஷிஃப்டுக்கு ஒரு கிட் என்ற கணக்கு மாறவே இல்லை. ஏழு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், கழிப்பறைக்குப் போகாமல், ஏசி நிறுத்தப்பட்ட அறையில், மும்பையின் மே மாதப் புழுக்கத்தில் நின்றோம். மாதவிடாய் நாள்களில் அந்த ஏழு மணி நேரம் எப்படிக் கழிந்தது என்பதை, பணிப்பட்டியல் போட்டவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

இப்படிக் களைத்துப்போன உடல்தான் கழற்றும் அறைக்குள் நுழைகிறது. நோயாளியின் தொண்டைக்குள் சுவாசக் குழாய் செருகும்போதும் சளி உறிஞ்சும்போதும் தெறித்தவை எல்லாம் உடையின் வெளிப்புறத்தில் இருக்கும். ஆகையால் அணிவதைவிடக் கழற்றுவதே ஆபத்தானது. வெளிப்புறம் உள்பக்கமாகச் சுருள உடையை உரிக்க வேண்டும், ஒவ்வொரு படிக்கும் கையைச் சுத்தம் செய்ய வேண்டும், என்95 முகக்கவசத்தைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். எங்களோடு இருந்த நாகர்கோவில் பெண் ஒருத்தி, ஒருநாள் வெளிக் கையுறையைக் கழற்றும் முன்பே, மூக்கு அரித்ததால் முகக்கவசத்தைக் கீழே இழுக்கப் போனாள். தரை துடைத்துக்கொண்டிருந்த மாவ்ஷி (துப்புரவுப் பணிப்பெண்ணை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்), "கை வைக்காதே!" என்று மராத்தியில் கத்தினார். அவள் கை நெற்றிக்கருகில் அப்படியே நின்றது. பிறகு சுவரில் சாய்ந்து, "தெரியும்க்கா, தெரிஞ்சும் கை போயிடுச்சு" என்று அழுதாள். கற்றுக்கொடுத்தது எதுவும் அவளுக்கு மறக்கவில்லை. எதிரே நின்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள்தான் இல்லை.

முகக்கவசத்திலும் இதே கதைதான். என்95 என்றால் மிக நுண்ணிய துகள்களிலும் 95 விழுக்காட்டையாவது தடுக்கும் என்பது, கன்னத்தோரம் இடைவெளி இல்லாதவரைதான் செல்லும். ஆண்களின் முகத்துக்கும் உடலுக்கும் ஏற்ற அளவிலேயே எல்லாம் வந்தன. மூச்சு விட்டால் கண்ணாடி பனித்துப்போகும். மூக்குத்தண்டின் மேல் காற்று கசிகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். அளவுப் பொருத்தம் பார்க்கும் சோதனை எனக்கு ஒருமுறைகூடச் செய்யப்படவில்லை.

நிர்வாகத்திடம் நாங்கள் எழுதிக் கேட்டவை மூன்றுதான்: நான்கு மணி நேரச் சுற்று, கழற்றும் அறையில் ஆளுயரக் கண்ணாடி, எதிரே நின்று ஒவ்வொரு படியாகச் சொல்ல ஓர் ஆள். கண்ணாடியை இரண்டாம் அலைக்கு முன்பு நாங்களே காசு போட்டு வாங்கி மாட்டினோம். அந்த ஆளுக்கான இடம் எங்கள் பணிப்பட்டியலில் இன்றுவரை இல்லை.