மூன்றாவது வரிசையில் யார்?

எங்கள் வீட்டுக்காரர் சண்முகம் கீழே இருக்கிறார், நான் மாடியில். குரோம்பேட்டையில் பழைய வீடு. காம்பவுண்டுச் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் ஏழு அடிச் சந்தில்தான் அவருடைய ஸ்விஃப்ட் நிற்கும். அதை ஒட்டி ஒருக்களித்து நடந்துதான் நான் மாடிப்படியைப் பிடிக்க வேண்டும். அதனால் அவர் அடுத்து என்ன கார் வாங்குகிறார் என்பதில் எனக்கும் கொஞ்சம் அக்கறை உண்டு. போன ஞாயிறு காலை அவர்கள் வீட்டு ஹால் ஜன்னல் திறந்திருந்தது. ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லாதீர்கள். படியில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் ஆனது.

சண்முகம்: செல்வி, முடிவு பண்ணியாகிவிட்டது. சஃபாரி.

செல்வி: இந்த வெயிலிலா? பேசாமல் காட்டன் சட்டையே எடுங்கள்.

சண்முகம்: துணி இல்லை, கார். டாடா சஃபாரி. ஏழு பேர் போகிற எஸ்யுவி.

செல்வி: ஓ, அதுவா. நம் கல்யாணத்துக்கு மாமா சஃபாரி தைத்துப் போட்டுக்கொண்டு வந்தாரே, அந்த ஞாபகத்தில் கேட்டேன். அதுவும் அவருக்கு இடுப்பில் பிடித்தது.

சண்முகம்: 1998-இல் முதல் சஃபாரி வந்தபோதே ஆசைப்பட்டவன் நான். அப்போது என்னிடம் இருந்தது சைக்கிள்.

செல்வி: சரி, இப்போது இருக்கிற ஆட்களை எண்ணுங்கள். நீங்கள், நான், பிள்ளைகள் இரண்டு, என் அம்மா. தென்காசியிலிருந்து மாமாவும் அத்தையும் வந்தால் ஏழு. அதனால் எர்டிகா.

சண்முகம்: எர்டிகாவா! அதை வாங்கி சிக்னலில் கண்ணாடியை இறக்கினால் ‘ஏர்போர்ட்டுக்கு எவ்வளவு?’ என்று கேட்பார்கள். டாக்ஸிக்கு என்றே கம்பெனி அதைத் தனியாக டூர் எம் என்று பெயர் வைத்து விற்கிறது, தெரியுமா?

செல்வி: தெரியும். ஓட்டலில் மட்டும் டிரைவர்கள் கூட்டமாகச் சாப்பிடுகிற இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்துகிறீர்கள். வண்டி வாங்கும்போது டிரைவர் பேச்சு ஆகாதா?

சண்முகம்: அப்படி இல்லை. உயரத்தில் உட்கார்ந்து ஓட்டினால் ஒரு கெத்து. ரோடே நமக்குக் கீழே இருக்கும்.

செல்வி: ஸ்விஃப்ட்டிலும் ரோடு கீழேதான் இருக்கிறது.

சண்முகம்: வெள்ளம் வந்தால்? 2015 டிசம்பரை மறந்துவிட்டாயா?

செல்வி: மறக்கவில்லை. 2024 அக்டோபரில் மழை என்று சொன்னதும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அதையும் மறக்கவில்லை. அந்த வரிசையில் எஸ்யுவியும்தானே நின்றது? தண்ணீருக்குப் பயப்படாத வண்டி எதற்குப் பாலம் ஏறியது?

சண்முகம்: மலைப் பாதை என்று ஒன்று இருக்கிறது...

செல்வி: நாம் மாதா மாதம் போகிற மலை திருநீர்மலை. அதற்குப் படி கட்டிவைத்திருக்கிறார்கள். அது போகட்டும். இப்போது வருகிற டீசல் சஃபாரிக்கு நாலு சக்கரமும் இழுக்காது, முன்சக்கரம் இரண்டும்தான் இழுக்கும்.

சண்முகம்: உனக்கு யார் சொன்னது?

செல்வி: நீங்கள் கொண்டுவந்து டிவி மேல் வைத்த புரோஷர்தான். நீங்கள் படம் பார்த்தீர்கள். நான் படித்தேன்.

(கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்ததாகச் சார் எடுத்த பாயிண்டுக்கு நானே படியில் நின்று தலையாட்டினேன்.)

சண்முகம்: படித்தாய் அல்லவா? பாதுகாப்பைப் படித்தாயா? பாரத் என்கேப் என்று நம் நாட்டிலேயே கார்களை மோதவிட்டு மார்க் போட ஆரம்பித்தார்களே, 2023-இல் அதில் முதலில் 5 நட்சத்திரம் வாங்கியது ஹாரியரும் சஃபாரியும்.

செல்வி: அது நல்ல விஷயம்தான். அதற்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

சண்முகம்: பார்த்தாயா!

செல்வி: ஆனால் மோதினால்தானே அந்த நட்சத்திரம்? நீங்கள் ஓட்டுகிற வேகத்துக்கு மோத வேண்டுமென்றால் எதிரில் வருகிறவன் மனது வைக்க வேண்டும்.

சண்முகம்: கிண்டல் பண்ணாதே. சன்ரூஃப் இருக்கிறது. கூரை முழுக்கக் கண்ணாடி.

செல்வி: மே மாதம் மீனம்பாக்கத்தில் 40 டிகிரி. அதற்குத் தலைக்கு மேல் கண்ணாடியா? வடாம் வேண்டுமானால் காயப் போடலாம். என்னங்க, அதெல்லாம் விடுங்கள். நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மூன்றாவது வரிசையில் யார்?

சண்முகம்: யாராவது.

செல்வி: யாராவது என்றால்? என் அம்மாவுக்கு முழங்கால் வலி, அந்த உயரத்துக்கு ஏறவே முக்காலி வேண்டும். ஏறி, நடு சீட்டை மடக்கி, அதைத் தாண்டிப் பின்னால் போவதா? மாமாவுக்கு அரை மணிக்கு ஒருமுறை இறங்க வேண்டும். அவர் இறங்க வேண்டுமென்றால் முன்னால் இருப்பவர்கள் முதலில் இறங்க வேண்டும்.

சண்முகம்: பிள்ளைகள் உட்காரட்டும்.

செல்வி: ஏலகிரி மறந்துபோய்விட்டதா?

(ஏலகிரி கதை எனக்கும் தெரியும். போன வருடம் ஏழு பேருமாக வாடகைக்கு ஒரு எஸ்யுவி எடுத்துப் போனார்கள். கிளம்பும்போது கையசைத்தவன் நான்தான். திரும்பி வந்தபோது யாரும் கையசைக்கிற நிலையில் இல்லை.)

சண்முகம்: அது புளியோதரையால் வந்தது.

செல்வி: புளியோதரை ஏழு பேர் வயிற்றிலும்தான் இருந்தது. பின்சீட்டில் இருந்தவனுக்கு மட்டும்தானே வந்தது? மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு புலவர் பெயர், வள்ளல் பெயர் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். பாரி எங்கே, ஓரி எங்கே என்று பார்க்க முடிந்ததா? பின்னால் நம் பெரியவன் வாரி வழங்கிக்கொண்டிருந்தான். அத்தை பட்டுப் புடவைக்குத்தான் முதல் மரியாதை.

சண்முகம்: அது அந்த டிரைவர் வளைத்த விதம். சஃபாரியில் அப்படி இருக்காது.

செல்வி: இருக்குமா இருக்காதா என்று இப்போதே பார்த்துவிடலாம். எழுந்திருங்கள்.

(நாற்காலிகள் இழுபடும் சத்தம். நான் ஒரு படி கீழே இறங்கினேன். செல்வி அக்கா முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு. அதற்கும் பின்னால், பீரோவை ஒட்டி, பூஜை அறையிலிருந்து எடுத்துவந்த மணை. மணைக்கு ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் அரிசி டிரம்மை உருட்டிவந்து நிறுத்தினார்.)

சண்முகம்: டிரம் எதற்கு?

செல்வி: அதுதான் பின்சக்கரம். உள்ளே இடித்துக்கொண்டு இருக்கும் இல்லையா? ம், உட்காருங்கள்.

சண்முகம்: மணையிலா? சீட் இவ்வளவு தாழ்வாகவா இருக்கும்?

செல்வி: வண்டி உயரம், பின்பக்கத் தளமும் உயரம். அந்தத் தளத்தின் மேல் நாற்காலி உயரத்துக்குச் சீட் வைத்தால் தலை கூரையில் இடிக்கும். அதனால் சீட்டை இறக்கிவிடுகிறார்கள். பந்தியில் உட்காருகிற மாதிரி உட்கார வேண்டியதுதான், இலை மட்டும் கிடையாது. எர்டிகாவில் தளமே தாழ்வு, அதனால் காலை ஓரளவு தொங்கவிடலாம். அதுவும் அரண்மனை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மணை இல்லை, முக்காலி.

(சார் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. செல்வி அக்கா காபி டம்ளரை எடுத்துக்கொண்டு அவருக்கு நேர் முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.)

சண்முகம்: தாராளமாக... இருக்கிறது.

செல்வி: இன்னும் திண்டிவனமே வரவில்லை.

சண்முகம்: உன் எர்டிகாவில் மட்டும் சாமானை எங்கே வைப்பாயாம்? மூன்று வரிசையிலும் ஆள் உட்கார்ந்தால் பின்னால் 209 லிட்டர்தான் இடம். புரோஷர் நானும் பார்த்தேன்.

செல்வி: 209 லிட்டர் என்றால் மொட்டை மாடியில் இருக்கிற நீல டிரம் அளவு. ஏழு பேர் துணி போகும். அத்தை கட்டிக்கொடுக்கிற தேங்காய் மூட்டை போகாது. அதனால்தான் ஒரகடத்தில் செய்கிறார்களே டிரைபர், அதையும் பார்த்தேன். நீளம் 4 மீட்டருக்குள்தான். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியை மாற்றினார்கள் இல்லையா? 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்ஜின் 1,200 சிசிக்குள் என்றால் 18 சதவீதம், தாண்டினால் 40. டிரைபருக்கு 18. ஆனால் ஏழு பேரும் ஏறினால் பின்னால் மிச்சம் 84 லிட்டர். மாமாவின் மாத்திரைப் பையை வைத்தால் கதவு மூடாது.

சண்முகம்: ஆக, எல்லாவற்றிலும் குறை. சஃபாரிக்கு மட்டும் ஏன் இவ்வளவு கேள்வி?

செல்வி: சந்தை அளந்தீர்களா?

சண்முகம்: சந்தையா?

செல்வி: நம் வீட்டுச் சந்து. ஏழு அடி. மில்லிமீட்டரில் 2,134. சஃபாரியின் அகலம் 1,922. மிச்சம் ஒரு சாண், அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து. கண்ணாடியை மடக்கி எப்படியாவது உள்ளே விட்டுவிடுவீர்கள். கதவைத் திறந்து எப்படி வெளியே வருவீர்கள்?

சண்முகம்: ...

செல்வி: சன்ரூஃப் வழியாகவா?

(எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்தேன். பிறகுதான் உறைத்தது: ஒரு சாண் சந்தில் மாடிக்குப் போக நானும் அந்தக் கூரை மேல் ஏறித்தான் ஆக வேண்டும்.)

சண்முகம்: எர்டிகாவுக்கு மட்டும் சந்து அகலமாகுமா?

செல்வி: எர்டிகா 1,735. நம் ஸ்விஃப்ட்டும் அதே 1,735. ஏழு வருடமாக நீங்கள் தொப்பையை எக்கி இறங்குகிற அதே இடைவெளி. நீளம்தான் அரை மீட்டருக்கு மேல் கூடுதல். துவைக்கிற கல்லை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். பக்கவாட்டில் தள்ளுகிற கதவு இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. அந்தக் காலத்து ஆம்னி மாதிரி.

சண்முகம்: ஆம்னியா! சினிமாவில் ஆள் கடத்துகிற வண்டி.

செல்வி: ஓடுகிற ஆளையே அதில் இரண்டு விநாடியில் ஏற்றிவிடுகிறான். என் அம்மாவை ஏற்ற நமக்குப் பத்து நிமிடம் ஆகிறது. 2019-இல் அதை நிறுத்தாமல் இருந்திருக்கலாம்.

சண்முகம்: தள்ளுகிற கதவு கார்னிவலில் இருக்கிறது. பட்டனை அமுக்கினால் தானாகத் திறக்கும்.

செல்வி: விலை?

சண்முகம்: அரைக் கோடிக்கு மேல்.

செல்வி: கதவு தானாகத் திறக்கும், வீட்டுப் பத்திரம் தானாக பேங்க்குக்குப் போகும்.

சண்முகம்: சரி, உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். எக்ஸ்எல்6 வாங்கலாம். அடியில் எர்டிகாதான், முகம் எஸ்யுவி மாதிரி இருக்கும். யாரும் டாக்ஸி என்று கை காட்ட மாட்டார்கள்.

செல்வி: நல்ல யோசனை. எத்தனை சீட்?

சண்முகம்: பெயரிலேயே இருக்கிறதே. ஆறு.

செல்வி: யாரை விட்டுவிட்டுப் போகலாம்?

(சார் பதில் சொல்ல வாயெடுத்தார். உள் அறையிலிருந்து செல்வி அக்காவின் அம்மா தொண்டையைக் கனைத்தார். சார் வாயை மூடிக்கொண்டார். சரியாக அப்போது போன் அடித்தது. சட்டைப் பையிலிருந்து அதை எடுக்க முழங்கால் விடவில்லை. செல்வி அக்காதான் திரும்பி எடுத்துக் காதில் வைத்தார்.)

சண்முகம்: அம்மா... ம், உட்கார்ந்துதான் இருக்கிறேன்... இல்லையே, மூச்சு வாங்கவில்லை... கார் பார்த்துக்கொண்டிருக்கிறோம், உங்கள் இரண்டு பேருக்காகத்தான்... என்னது? டிக்கெட் எடுத்தாயிற்றா?... பொதிகையிலா?... இரண்டும் லோயர் பெர்த்தா?... அதுதான் 2020-இலேயே வயதானவர்களுக்குச் சலுகைக் கட்டணத்தை நிறுத்திவிட்டார்களே... ஆமாம், பெர்த் கொடுக்கிறார்கள், கால் நீட்டிப் படுக்கலாம், சரிதான்... திருப்பதிக்கு?... அதற்கும் ரயிலா?... அம்மா, அது ஏலகிரியில்... புடவையைத்தான் டிரை வாஷ் போட்டோமே... இனிமேல் காரில் எங்கேயுமேவா?... அப்பாவும் அப்படியே சொல்கிறாரா?... சரிம்மா.

(நீண்ட மௌனம்.)

செல்வி: என்ன சொன்னார்கள்?

சண்முகம்: இனிமேல் ரயில்தானாம். அப்பாவுக்கு ரயிலில் ஒவ்வொரு பெட்டியிலும் பாத்ரூம் இருக்கிறதாம், எந்தக் காரில் இருக்கிறது என்று கேட்கிறார். (குரல் திடீரென்று மலர்கிறது) செல்வி! அப்படியென்றால் நாம் ஐந்து பேர்தான்!

செல்வி: ஆமாம்.

சண்முகம்: மூன்றாவது வரிசையே வேண்டாம்! ஐந்து பேர் என்றால் ஹாரியர், க்ரெட்டா, எதை வேண்டுமானாலும் பார்க்கலாம்! க்ரெட்டா இங்கே இருங்காட்டுக்கோட்டையில்தான் செய்கிறார்கள், நேரே போய்...

செல்வி: ஐந்து பேர் போகிற கார் ஒன்று ஏற்கெனவே சந்தில் நிற்கிறது. டயர் மட்டும் மாற்றுங்கள்.

(சார் பேசவில்லை. எழுந்திருக்க முயன்றார். பீரோ குலுங்கியது, அரிசி டிரம் அசையவில்லை.)

சண்முகம்: செல்வி, கால் மரத்துவிட்டது. கொஞ்சம் எழுந்து வழி விடு.

செல்வி: இருங்கள், காபி இன்னும் பாதி இருக்கிறது.