கையில் பிடித்து விளையாடும் கேமிங் கம்ப்யூட்டர்: யார் வாங்கலாம், யாருக்கு வேண்டாம்

போனஸ் கைக்கு வந்ததிலிருந்து ஆபீஸிலும் சொந்தத்திலும் என்னிடம் ஒரே கேள்விதான். "அந்த ஹேண்ட்ஹெல்ட், எழுபதாயிரம் கொடுத்து வாங்குற அளவுக்கு இருக்கா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக ஒன்றை வைத்து விளையாடுகிறேன். அந்த அனுபவத்தில் எல்லாவற்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். என்னிடம் இருப்பது எந்தக் கம்பெனியுடையது என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும்.

வேகத்தைப் பார்த்து இதை வாங்கக் கூடாது. வீட்டில் உட்கார்ந்து விளையாட உங்களுக்கென்று ஓர் இடமும், யாரும் கூப்பிடாத இரண்டு மணி நேரமும் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்கிறது என்றால் இது உங்களுக்கு வீண் செலவு. கிடைக்கவில்லை, கையில் பணம் இருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம். இதுதான் என் முடிவு. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை இனி சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு விஷயம். இது போன் விளையாட்டுக்கான பொருள் கிடையாது. முழுக் கம்ப்யூட்டரையே ஏழு, எட்டு அங்குலத் திரைக்குள் அடக்கி, இரண்டு பக்கமும் பட்டனும் ஜாய்ஸ்டிக்கும் வைத்திருக்கிறார்கள். 2022 பிப்ரவரியில் வால்வ் கம்பெனியின் ஸ்டீம் டெக் வந்த பிறகுதான் இது பெரிய சந்தையானது. அடுத்த வருஷமே ஏசஸ் கம்பெனியின் ஆர்ஓஜி அலை (ROG Ally) வந்தது, இந்தியாவில் 69,990 ரூபாய்க்கு. அப்புறம் லெனோவோ லீஜியன் கோ, எம்எஸ்ஐ கிளா என்று வரிசையாக வந்தன. 2025 அக்டோபரில் வந்த எக்ஸ்பாக்ஸ் அலை எக்ஸ், வந்தபோது 1,14,990 ரூபாய். இந்தச் சந்தையைப் பெரிதாக்கிய ஸ்டீம் டெக்கை மட்டும் வால்வ் நம் ஊரில் நேரடியாக விற்பதில்லை. ஆன்லைனில் கிடைப்பதெல்லாம் யாரோ இறக்குமதி செய்து விற்பது.

இனி வேகம். இந்தப் பொருளில் எல்லாமே வாட் கணக்குதான். அதே எழுபது, எண்பதாயிரத்துக்குக் கிடைக்கும் கேமிங் லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப் மட்டுமே 60, 70 வாட் மின்சாரம் குடிக்கும். ஹேண்ட்ஹெல்டில் ப்ராசஸர், கிராபிக்ஸ் இரண்டும் ஒரே சிப்பில் இருக்கின்றன. ஒரே மெமரியைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அந்த முழுச் சிப்புக்கும் கிடைப்பது 15 வாட், அதிகம் போனால் 25, 30. இதைப் பெரிய அளவில் தாண்டுவது எந்தக் கம்பெனிக்கும் கஷ்டம். கையில் பிடிக்கிற பெட்டிக்குள் அதற்கு மேல் சூட்டை வெளியேற்ற வழி கிடையாது, பேட்டரியும் தாங்காது. சாதாரண ஆர்ஓஜி அலையின் பேட்டரி 40 வாட் அவர், அதாவது 40 வாட் செலவானால் ஒரு மணி நேரம் தாங்கும். சிப்புக்கு 25 வாட், திரைக்கும் மற்றவைக்கும் சேர்த்து இன்னொரு எட்டு, பத்து வாட் என்றால், பெரிய விளையாட்டு ஒன்றைப் போட்ட ஒரு மணி நேரம் கொஞ்சம் கூடுதலில் சார்ஜரைத் தேட வேண்டியதுதான். பேட்டரியை 80 வாட் அவராக இரட்டிப்பாக்கிய ஆர்ஓஜி அலை எக்ஸை அதனால்தான் பலரும் பாராட்டினார்கள். அதற்கேற்ற எடையும் ஏறிவிட்டது. ஸ்டார்ட்யூ வேலி, ஹேடிஸ் மாதிரி இலேசான விளையாட்டென்றால், வாட்டைக் குறைத்து வைத்து இதே கருவியில் பல மணி நேரம் ஓட்டலாம்.

ஆகவே "இதே காசுக்கு லேப்டாப் வேகமா ஓடுமே" என்று சொல்கிறவர்கள் சொல்வது முழு உண்மை. அதை மறுக்கவே முடியாது. வேகம்தான் வேண்டுமென்றால் இந்த இடத்திலேயே படிப்பதை நிறுத்திவிட்டு லேப்டாப் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த லேப்டாப்பை எங்கே வைத்து விளையாடுவீர்கள்? எங்கள் வீடு சேலம் அம்மாபேட்டையில். கூட்டுக் குடும்பம். ஹாலில் ஒரு டிவி. ஆறரை மணிக்கு மேல் அது அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும். இருக்கிற ஒரே மேஜையில் பிள்ளைகளின் புத்தகங்கள். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, நாளைக்கு வேண்டியதை எடுத்துவைத்து, சின்னவளைத் தூங்கவைக்கும்போது மணி பத்தேகால். அப்புறம் எனக்கென்று இருப்பது முக்கால் மணி நேரம். அதற்காக லேப்டாப்பை எடுத்து, சார்ஜர் மாட்டி, கண்ட்ரோலரை இணைத்து, ஃபேன் இரைச்சலில் தூங்குகிற குழந்தை எழுந்துவிடுமோ என்று பயந்து உட்காரும் அளவுக்கு எனக்குத் தெம்பு கிடையாது. பல வருஷம் விளையாடாமலே இருந்தேன். விளையாட ஆசை போய்விட்டது என்று நானே நினைத்தேன். ஆசை அப்படியேதான் இருந்திருக்கிறது, இடம்தான் இல்லாமல் போயிருக்கிறது.

ஹேண்ட்ஹெல்டில் எனக்குப் பிடித்தது தூங்கவைக்கும் பட்டன்தான். நடுச் சண்டையில் "ஏங்க, கொஞ்சம் வாங்க" என்று குரல் வந்தால் அழுத்திவிட்டு எழுந்து போகலாம். திரும்பி வந்து அழுத்தினால் கத்தி ஓங்கிய இடத்திலேயே நிற்கிறது. சேவ் பண்ணும் இடம் வரை ஓட வேண்டாம், யாரையும் "அஞ்சு நிமிஷம்" என்று காக்கவைக்க வேண்டாம். குடும்பஸ்தனுக்கு நேரம் இப்படித் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். அந்தத் துண்டுகளை உபயோகிக்க முடிவதற்குத்தான் நான் காசு கொடுத்தேன். யூடியூப் விமர்சனங்களில் நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற கணக்கை அரை மணி நேரம் அலசுகிறார்கள், இதை அரை வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்களில் பலருக்குக் கல்யாணமாகவில்லை என்று நினைக்கிறேன்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தத் தூங்கி எழும் வேலை எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. ஸ்டீம் டெக்கில் ஓடுவது லினக்ஸ் அடிப்படையிலான ஸ்டீம் ஓஎஸ் என்ற இயங்குதளம். விளையாட்டுக்கென்றே செய்தது, அதில் இது சுத்தமாக நடக்கும். மற்ற பெரும்பாலானவற்றில் விண்டோஸ். மேஜைக் கம்ப்யூட்டருக்காக எழுதியதை ஏழு அங்குலத்தில் விரலால் குத்த வேண்டியிருக்கிறது. தூங்கவைத்துப் பையில் போட்டால் சில சமயம் தானாக எழுந்து பேட்டரியைத் தின்றுவிடுகிறது. 2025 மே மாதத்திலிருந்து ஆர்ஓஜி அலை போன்ற சிலவற்றிலும் ஸ்டீம் ஓஎஸ் போட்டுக்கொள்ள வால்வ் வழி செய்திருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் அலையில் மைக்ரோசாஃப்டும் முழுத்திரை முகப்பு ஒன்றைக் கொண்டுவந்து விண்டோஸைக் கொஞ்சம் பின்னால் ஒளித்திருக்கிறது. ஸ்டீம் ஓஎஸ் பக்கம் போனால் வேலரன்ட், ஃபோர்ட்நைட் ஓடாது. ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் சேர்த்த பிறகு, 2024 செப்டம்பரிலிருந்து ஜிடிஏ ஆன்லைனும் டெக்கில் ஓடுவதில்லை. நண்பர்களோடு வேலரன்ட் ஆடுவதுதான் உங்கள் உலகம் என்றால் உங்களுக்கு ஹேண்ட்ஹெல்டே வேண்டாம். அது மவுஸ் பிடித்து ஆட வேண்டிய ஆட்டம்.

போன வாரம் சித்தி பையன் போன் பண்ணினான். என்ஜினியரிங் இரண்டாம் வருஷம். "அண்ணா, அப்பா லேப்டாப்புக்குன்னு காசு தரேன்னு சொல்லியிருக்காரு. அதுல ஹேண்ட்ஹெல்ட் வாங்கிக்கட்டுமா? அதுவும் கம்ப்யூட்டர்தானே, கீபோர்டு மாட்டிக்கலாம்." கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் இணைக்கும் டாக் (dock) வாங்கி, மானிட்டர் வாங்கி, கீபோர்டு, மவுஸ் வாங்கினால் அது கம்ப்யூட்டர்தான். அதற்கெல்லாம் இன்னும் பதினைந்து, இருபதாயிரம் ஆகும். கம்ப்யூட்டரில் கேட் (CAD) வரைபடம் போட்டு, ப்ராஜெக்ட் எழுதி, லேபுக்கும் ஹாஸ்டலுக்கும் தூக்கிக்கொண்டு அலைய அது உதவாது. "தம்பி, லேப்டாப் வாங்கு. கிராபிக்ஸ் கார்டோட வாங்கு, படிக்கவும் ஆச்சு, விளையாடவும் ஆச்சு. சம்பாதிக்க ஆரம்பிச்ச அப்புறம் இதை வாங்கிக்கலாம்" என்று சொன்னேன். கொஞ்சம் வருத்தம்தான் அவனுக்கு. படிக்கிற பிள்ளைக்கு முதல் கம்ப்யூட்டராக இதை வாங்கித்தராதீர்கள் என்று பெற்றோர்களுக்கும் சொல்கிறேன்.

இன்னொரு பக்கம், "நாற்பது வயசுல என்ன விளையாட்டு" என்று கேட்பவர்களும் சொந்தத்தில் இருக்கிறார்கள். இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது. எழுபதாயிரம் பெரிய தொகை, அதை நான் மறுக்கவில்லை. அதே எழுபதாயிரத்துக்குப் போன் வாங்குகிற, அதற்கு மேலும் போட்டு பைக் மாற்றுகிற ஆட்களை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. விளையாட்டு என்றதும் மட்டும் ஏன் கணக்குக் கேட்கிறோம்? நாள் முழுக்க ஆபீஸ் கணக்கு, வீட்டுக் கணக்கு என்று ஓடுகிற ஆளுக்கு ராத்திரி முக்கால் மணி நேரம் மனசு வேறொரு ஊரில் இருந்துவிட்டு வருவது தேவைதான். வீட்டுச் செலவு, பிள்ளைகள் ஃபீஸ், அவசரத்துக்கு ஒரு சேமிப்பு எல்லாம் போக மிஞ்சுகிற சொந்தக் காசில் வாங்கினால் யாருக்கும் தலைகுனியத் தேவையில்லை. இஎம்ஐயில் வாங்க வேண்டிய நிலையென்றால் மட்டும் வேண்டாம். வட்டி இல்லாத இஎம்ஐ என்றாலும் வேண்டாம். மாசாமாசம் அந்த எஸ்எம்எஸ் வரும்போது விளையாடுகிற சந்தோஷமே போய்விடும்.

சேலத்துக்காரர்களுக்கென்று தனியாகச் சில விஷயங்கள்.

வெயில். விமர்சனம் செய்கிறவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து சோதிக்கிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் இங்கே வெளியில் நாற்பது டிகிரி, மாடி அறையில் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடும். அந்தக் காற்றை உள்ளே இழுத்துத்தான் அந்தக் குட்டி ஃபேன் சிப்பைக் குளிரவைக்க வேண்டும். சத்தம் ஏறும், வேகம் குறையும், சூட்டில் பேட்டரியின் ஆயுளும் குறையும். கோடையில் நான் வாட்டை இறக்கிவைத்து இலேசான விளையாட்டுகளை மட்டும் ஆடுகிறேன். டிசம்பரில் ஏற்காட்டில் தங்கியிருந்தபோது அதே கருவி சத்தமே இல்லாமல் ஓடியது. போகும் வழியில் மட்டும் வெளியே எடுக்காதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் திரையைப் பார்த்துக்கொண்டு போனால் மேலே போய்ச் சேர்வதற்குள் வயிறு கலங்கிவிடும். பெரிய விளையாட்டுகள் நூறு ஜிபிக்கு மேல் இருப்பதால் வீட்டு பிராட்பேண்டிலேயே இறக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை போய்விடும் அல்லவா, அன்றைக்கு இதன் அருமை தெரியும். இதற்கு 65 வாட் சார்ஜர் போதும், வீட்டு இன்வெர்ட்டருக்கு அது ஒரு சுமையே இல்லை. கிராபிக்ஸ் கார்டு போட்ட டெஸ்க்டாப்பை அதே இன்வெர்ட்டரில் போட்டால் மின்விசிறிக்குக்கூட மிச்சம் இருக்காது.

சர்வீஸ். இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். எனக்கு ஏழெட்டு மாதத்திலேயே இடது ஜாய்ஸ்டிக் தானாக நகர ஆரம்பித்தது. பெரும்பாலான ஜாய்ஸ்டிக்குகளில் நகர்வை அளக்க, உரசி உரசித் தேயும் பொட்டென்ஷியோமீட்டர்தான் உள்ளே. பிளேஸ்டேஷன் என்றால் கண்ட்ரோலரை மட்டும் மாற்றினால் போதும். இதில் முழுக் கருவியையும் திறக்க வேண்டும். வாரண்டி இருந்ததால் காசு போகவில்லை. ஆனால் நம் ஊரில் பார்க்க ஆள் இல்லை, பெங்களூருக்கு அனுப்பி வாரக்கணக்கில் காத்திருந்தேன். வாங்குவதற்கு முன்னால் அந்தக் கம்பெனிக்கு நம் ஊரில் யார் சர்வீஸ் பார்க்கிறார்கள், லேப்டாப்போடு இந்தக் கருவியையும் பார்ப்பார்களா என்று போன் செய்து கேளுங்கள். காந்தத்தால் வேலை செய்யும் ஹால் எஃபெக்ட் ஜாய்ஸ்டிக் இருக்கிறதா என்றும் பாருங்கள். லீஜியன் கோவிலும் கிளாவிலும் அது உண்டு, தேய்மானம் குறைவு. நாலாயிரம், ஐயாயிரம் மிச்சம் என்று வாரண்டி இல்லாத இறக்குமதிச் சரக்கை வாங்காதீர்கள். ஜாய்ஸ்டிக் போன அன்றைக்கு அந்த மிச்சம் எங்கேயென்று தெரியாது.

வீட்டில் ஏற்கெனவே நல்ல கேமிங் பிசி வைத்திருப்பவர்கள், முதலில் சில ஆயிரம் ரூபாய்க்குப் போனின் இரண்டு பக்கமும் மாட்டும் கண்ட்ரோலர் ஒன்றை வாங்கி, ஸ்டீம் லிங்க் அல்லது மூன்லைட் ஆப்பைப் போட்டுப் பாருங்கள். இரண்டும் இலவசம். பிசியில் ஓடும் விளையாட்டு வைஃபை வழியாகக் கட்டிலுக்கே வரும். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருந்தால் பட்டனை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையில் தாமதம் பெரிதாகத் தெரியாது. பாதிப் பேருக்கு இதுவே போதும் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வெளியே வேண்டும், ரயிலில் வேண்டும் என்றால்தான் ஹேண்ட்ஹெல்ட்.

விளையாட்டுகளின் செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். வால்வின் ஆன்லைன் விளையாட்டுக் கடையான ஸ்டீமில் ரூபாயிலேயே விலை, கோடை தள்ளுபடியில் பழைய நல்ல விளையாட்டுகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். எபிக் ஸ்டோரில் வாராவாரம் ஏதாவது ஒன்று இலவசம். கண்ட்ரோலருக்கு ஏற்ற விளையாட்டுகள் ஏற்கெனவே நிறைய வாங்கி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கருவியின் மதிப்பு இரண்டு மடங்கு.

"விலை குறையட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று காத்திருப்பதிலும் பெரிய பலன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 2025 கடைசியிலிருந்து ராம் (மெமரி) விலை ஏறியிருக்கிறது. இந்தக் கருவிகளில் 16, 24 ஜிபி ராம் சிப்பின் பக்கத்திலேயே பற்றவைத்து வருகிறது, பிற்பாடு நாமாகக் கூட்டவும் முடியாது.

கடைசியாக, கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். கருவியைப் பொறுத்து சுமார் 600 முதல் 850 கிராம் எடை, அரை லிட்டர் பால் பாக்கெட்டை விட அதிகம். படுத்துக்கொண்டு அரை மணி நேரம் பிடித்தால் மணிக்கட்டு என்ன சொல்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஐந்து ரோடு பக்கம் நான் கேட்ட கடைகளில் டெமோவுக்கு வைத்திருக்கவில்லை, ஆர்டர் போட்டால் வரவழைத்துத் தருவதாகத்தான் சொன்னார்கள். அதனால் எனக்குப் பழக்கமான நம் ஊர்க்காரர்கள் யாராவது வாங்க யோசித்தால் இன்பாக்ஸில் ஒரு வார்த்தை போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில்தான் இருப்பேன். வந்து ஒரு மணி நேரம் விளையாடிப் பார்த்துவிட்டுப் போங்கள்.