பாதுகாக்கிறேன் பேர்வழி என்று வண்டியைக் கொல்லாதீர்கள்!

"குளிர்காலம் முழுக்க சும்மாதானே நிக்கப்போகுது? மேல ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடிட்டாப் போச்சு!"

இதை இன்னொரு தடவை யாராவது என்னிடம் சொன்னால் நான் மனுஷனாக இருக்க மாட்டேன். பனிக்காலம் நெருங்கினால் போதும், கூரையை மடக்கித் திறக்கிற பழைய கன்வெர்ட்டிபிள் கார் வைத்திருப்பவனுக்குப் புத்தி சொல்ல ஆள் ஆளாய்க் கிளம்பி வருகிறார்கள். அவர்களில் ஒருவராவது வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தவர் கிடையாது.

குளிர் இல்லை ஐயா, ஈரம்! நிற்கிற வண்டியைத் தின்பது ஈரம். தார்ப்பாய்க்குள் காற்று போகாது. தரையிலிருந்து ஏறும் ஈரமும், ராத்திரி குளிர்ந்து பகலில் சூடாகும்போது தகரத்தில் வேர்க்கும் தண்ணீரும் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே கிடக்கும். நாலு மாதம் கழித்துத் திறந்தால் பெயிண்டில் கொப்புளம், குரோம் பம்பரில் புள்ளி புள்ளியாகத் துரு. காற்றோடும் துணி உறை போடுங்கள் என்று எத்தனை தடவைதான் சொல்வது? அதையும் அழுக்கு வண்டி மேல் போடக் கூடாது. சக்கர வளைவுக்குள் கைவிட்டுக் கழுவி, பனி உருக ரோட்டில் தூவிய உப்பு ஒரு பொட்டு இல்லாமல் போக்கி, முழுக்கக் காயவிட்ட பிறகுதான் உறை.

இப்போது டாப்புக்கு, அதாவது அந்த மடக்குக் கூரைக்கு வருகிறேன். எழுதும்போதே வயிறு எரிகிறது.

என்னுடையது 1972 எம்ஜிபி, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். போன குளிர்காலத்தில் அதை வாடகைக்கு நிறுத்திவைக்கும் ஒரு ஷெட்டில் விட்டேன். டாப்பை ஏற்றி, கிளிப் மாட்டி, "இதை யாரும் மடக்கக் கூடாது" என்று வாயாலும் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். அந்தத் தலைமுறை டாப்புகளில் பின்ஜன்னல் வளையும் பிளாஸ்டிக். குளிரில் அது விறைத்துவிடும். விறைத்ததை மடக்கினால் மடிப்பில் முதலில் வெள்ளைக் கோடு விழும், அப்புறம் பிளந்துவிடும். துணியோ வினைலோ, மாதக்கணக்கில் மடிந்தே கிடந்தால் சுருங்கவும் செய்யும். ஈரத்தோடு மடித்திருந்தால் பூஞ்சணம் வேறு.

வசந்தத்தில் போய்ப் பார்க்கிறேன், டாப் மடங்கிக் கிடக்கிறது! "உறை போட வசதியா இருக்கும்னு மடக்கினோம்" என்கிறார்கள். விரித்தேன். பின்ஜன்னலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விரிசல், ஆள்காட்டி விரலை உள்ளே விடலாம். உள்பக்கம் மடிப்புக்கு மடிப்பு கறுப்பு. முன் விளிம்பு வின்ட்ஸ்கிரீன் சட்டத்துக்கு ஒரு விரற்கடை எட்டவில்லை. இழுத்தால் தையல் முனகுகிறது. கேட்டால், "பழைய பிளாஸ்டிக் சார், தானா வெடிச்சிருக்கும்" என்கிறார்கள். தானாக எப்படி ஐயா மடங்கும்? மடக்கிய கை யாருடையது? காசு வாங்கிக்கொண்டு காவல் இருக்கிறவன் எழுதிக் கொடுத்த ஒரு வரியைப் படிக்க மாட்டானா?

அடுத்த கூட்டம், "வாராவாரம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வை" கட்சி. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பது இவர்களுக்காகவே சொன்னது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. வண்டி நன்றாக ஓடிச் சூடேறினால் அது சைலன்சர் வழியே பறந்துவிடும். நின்ற இடத்தில் அஞ்சு நிமிஷம் உறுமவிட்டு அணைத்தால்? சைலன்சருக்குள் தேங்கித் துருப்பிடிக்கும், எஞ்சின் ஆயிலில் கலக்கும். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை இழுத்திருப்பதால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிவிடும். ஸ்டார்ட்டர் உறிஞ்சிய சார்ஜ்கூட அந்த அஞ்சு நிமிஷத்தில் பேட்டரிக்குத் திரும்பி வராது. ஒழுங்காக அரை மணி நேரம் ஓட்ட முடியாதென்றால் சாவியைத் தொடாதீர்கள்!

பேட்டரிக்கு வேண்டியது மெயின்டெய்னர், சார்ஜ் நிறைந்ததும் தானே நிறுத்திக்கொள்கிற வகைச் சார்ஜர். முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. காலியானது மைனஸ் 10 சுமாரிலேயே உறைந்து பிளந்துவிடும். என் வண்டியில் சீட்டுக்குப் பின்னால் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகள். ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றை மறக்கிற மெக்கானிக்குகளிடமும் நான் கத்தியிருக்கிறேன்.

ஆயில் மாற்றச் சொன்னால் ஒரு கேள்வி வரும்: "ஓடவே போறதில்லையே, இப்ப எதுக்கு? வசந்தத்துல மாத்திக்கலாம்." ஓடிய ஆயிலில்தான் அமிலமும் ஈரமும் கரியும் சேர்ந்திருக்கிறது. அதில் மாதக்கணக்கில் ஊறப்போவது பேரிங்குகள். நிறுத்துவதற்கு முன்னால்தான் மாற்ற வேண்டும், முன்னால்!

பெட்ரோலும் அப்படியே. எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அளவு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் மிஞ்சியது வற்றிப் பிசினாகி, ஜெட் என்கிற பொடித் துளையை அடைக்கும். டேங்க்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றி, அது கலந்த பெட்ரோல் கார்புரேட்டர் வரை போய்ச் சேர ஒரு சுற்று ஓட்டிவிட்டு நிறுத்த வேண்டும். பாட்டிலை வாங்கி டேங்க்கில் கவிழ்த்துவிட்டு அப்படியே நடையைக் கட்டுகிறவர்களை என்ன செய்வது?

ரேடியேட்டரில் கூலன்ட் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்திருக்க வேண்டும். ஹேண்ட்பிரேக் போட்டுவைத்தால் பிரேக் ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கள். வண்டியைத் தரையிலிருந்து தூக்கி ஜாக் ஸ்டாண்டில் ஏற்றியே தீருவேன் என்பவர்கள் தயவுசெய்து ஆக்ஸிலுக்கும் சஸ்பென்ஷனுக்கும் முட்டுக் கொடுங்கள். மேலே இரும்புக் கூரை இல்லாத உடம்பு இது. கண்ட இடத்தில் தூக்கினால் வளையும், அப்புறம் கதவு சாத்தாது. எலி ஏர் ஃபில்டரில் கூடு கட்டும், சீட் பஞ்சைப் பிய்க்கும். சைலன்சர் வாயை இரும்புக் கம்பளியால் அடைத்துவிட்டு, அடைத்திருப்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஸ்டீயரிங்கில் கட்டுங்கள்.

இதையெல்லாம் செய்ய ஒரு முழுப் பகல் போதும். அந்த ஒரு பகலைத் தராதவர்கள்தான் வசந்தத்தில் வந்து, "பழைய வண்டின்னாலே தொல்லைப்பா, வித்துத் தொலை" என்கிறார்கள். விற்க மாட்டேன். 1972-லிருந்து ஓடும் வண்டி அது. புது டாப்புக்குச் சொல்லியாயிற்று. பில்லை அந்த ஷெட்காரர்களுக்கே அனுப்பப்போகிறேன், மடக்கக் கூடாது என்று நான் எழுதிக் கொடுத்ததன் நகலோடு.