கேப்டன் அல்லாத என் தம்பியின் பத்து லட்சம்

திருவிழா நோட்டீஸ் விவகாரத்தை இத்துடன் விட்டுவிடு என்று அப்பா சொல்லிவிட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முதல் நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் நடப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பார்த்தவர்களில் சிலர் சிரிப்புப் பொம்மை போட்டு மகிழ்ந்தும் இருக்கிறீர்கள். எனவே அப்பாவின் பேச்சை இந்த ஒருமுறை மீறுகிறேன்.

ஒன்பதாம் திருவிழா வாணவேடிக்கைக்கு ஒரு லட்சம் ரூபாய் நன்கொடை என்று, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், 'கேப்டன்' என்ற பட்டத்தோடு விமானியான என் தம்பியின் பெயரை அச்சடித்துவிட்டார்கள். ஏன் கேட்கவில்லை என்று நான் எழுதியதற்கு வந்த பதில்: "மாசம் பத்து லெச்சம் வாங்குதவனுக்கு ஒரு லெச்சம் ஒரு காசா?" அதன் கீழே நாற்பதுக்கும் மேற்பட்ட கைதட்டல்கள்.

முதலில் ஒரு திருத்தம். அவன் கேப்டன் இல்லை. அவன் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி. அவன் தோளில் இருப்பது மூன்று பட்டை, கேப்டனுக்குத்தான் நான்கு. கேப்டன் ஆவதற்கு 1,500 மணி நேரம் பறந்த அனுபவத்தோடு தனி உரிமமும் வேண்டும். அவை இரண்டும் இருந்தாலும் நிறுவனத்தில் இடம் காலியாக வேண்டும். நோட்டீஸ் அடிக்கும் அவசரத்தில் ஒரு பட்டையைக் கூடுதலாகத் தைத்துவிட்டீர்கள்.

இனி சம்பளத்துக்கு வருகிறேன். நான் நாகர்கோவிலில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். தம்பியின் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்பவளும் நான்தான். சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி நிறுவனம் தரும் அவனுடைய படிவம் 16 என் மேசையில் இருக்கிறது. உங்களில் யாருடைய மேசையிலும் இல்லை. அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆண்டுக்கு 30 லட்சம், அதாவது மாதம் இரண்டரை லட்சம், அவனுடைய மொத்தச் சம்பளம். பத்து லட்சம் எந்தக் கிளையிலிருந்து பறித்த காய் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த இரண்டரை லட்சமும் கைக்கு வருவதில்லை என்பதைத்தான் நான் நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி, 75,000 ரூபாய் நிலைக் கழிவு போக மீதி 29,25,000 ரூபாய்க்கு வரி போட வேண்டும். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 விழுக்காடு என்று படி ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30 விழுக்காடு ஆகிறது. இவற்றைக் கூட்டினால் 4,57,500. அதன் மேல் 4 விழுக்காடு செஸ் சேர்த்தால் 4,75,800 ரூபாய். மாதத்துக்கு 39,650 ரூபாய் சம்பளம் போடும்போதே பிடித்துக்கொள்ளும் வரியாக, அதாவது டி.டி.எஸ். ஆகப் போய்விடுகிறது. பி.எஃப். 12,000 போக வங்கிக் கணக்கில் விழுவது 1,98,350. அதிலிருந்து 68,875 ரூபாய் கடனுக்கான மாதத் தவணை, டெல்லியில் வாடகை 32,000. மிச்சம் 97,475 ரூபாய். அதில்தான் அவன் சாப்பாடும், அம்மாவின் மருந்தும், அவ்வப்போது ஊருக்கு வந்து போகும் செலவும். இந்தத் தொகையிலிருந்துதான் ஒரே இரவில் ஒரு லட்சத்தை வானத்தில் கொளுத்தச் சொல்கிறீர்கள்.

அந்தத் தவணை எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. 2011இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ரப்பர் ஷீட், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய் அளவுக்கு இறங்கிக் கிடந்தது. அந்த ஆண்டுதான் அப்பா தோட்டத்தில் ஒரு பகுதியை விற்றார். எந்த விலைக்குப் போயிருக்கும் என்று ரப்பர் வைத்திருக்கும் எவருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. மீதியை அடமானம் வைத்துப் பையனைப் பறக்கும் பயிற்சிக்கு அனுப்பினார். 200 மணி நேரம் பறந்து, தேர்வுகளை எழுதி, 2019 பிப்ரவரியில் அவன் விமானி உரிமம் வாங்கினான். ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியது. பல ஆயிரம் மணி நேரம் பறந்த கேப்டன்களே வேலை தேடி நின்ற வரிசையில் இருநூறு மணி நேரக்காரனை யார் கூப்பிடுவார்கள்? அடுத்த ஆண்டு மார்ச் 25 முதல் இரண்டு மாதம் நாட்டுக்குள் பயணிகள் விமானமே பறக்கவில்லை. அவன் அப்பாவோடு விடியலில் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போனான். அன்றைக்கு அவனைக் கேப்டன் என்று கூப்பிட்டவர்களும் உண்டு. ஆனால் அது கேலிக்கு.

2022இல் வேலை கிடைத்தபோது, குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் செலவையும் நாங்களே ஏற்றோம். நிலுவை எல்லாவற்றையும் சேர்த்து 50 லட்சமாகக் கடனைப் புதுப்பித்தோம். 11 விழுக்காடு வட்டி, பத்து ஆண்டுகள். கல்விக் கடனுக்கு வரிச் சலுகை உண்டே என்று பெரிய சட்ட நிபுணர்போல ஒருவர் குழுவில் எழுதியிருந்தார். 80இ பிரிவின் சலுகை கடன் வாங்கியவருக்குத்தான். எங்கள் கடன் அப்பா பெயரில் இருக்கிறது. புதிய வரி முறையில் அந்தச் சலுகையே கிடையாது. வாணவேடிக்கைக்குக் கொடுத்தால் நன்கொடைக்கான வரிச் சலுகைப் பிரிவான 80ஜியில் கழித்துக்கொள்ளலாம் என்று இன்னொருவர் ஆறுதல் சொன்னார். அதற்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

"மாதம் எழுபது எண்பது மணி நேரம்தானே வேலை, நாங்கள் வாரத்திலேயே அவ்வளவு உழைக்கிறோம்" என்கிறீர்கள். ஆண்டுக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் ஒருவர் பறக்க விதி அனுமதிப்பதில்லை; காரணம், களைத்த விமானி ஆபத்தானவர். அந்த மணிக்கணக்கும் விமானம் புறப்பட நகர்வதிலிருந்து மறுமுனையில் நிற்பது வரைதான். விமான நிலையத்துக்கு வருவதும், மது குடிக்கவில்லை என்று காட்ட மூச்சுச் சோதனைக்கு நிற்பதும், இடையில் காத்திருப்பதும் அதில் சேராது. போன டிசம்பரில் அவன் ஓட்டிய விமானம் திருவனந்தபுரம் வந்தது. நாற்பத்தைந்து நிமிடத்தில் திரும்ப வேண்டும். வெளியே வர முடியாது. அம்மா குலசேகரத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி, சங்குமுகம் கடற்கரையில் போய் நின்றார். தலைக்கு மேலே தாழ்ந்து போன விமானத்தைப் பார்த்துக் கையசைத்தார். அது மகன் ஓட்டிய விமானம்தானா என்று இன்று வரை அம்மாவுக்குச் சந்தேகம். எனக்குத் தெரியும், நேரத்தை வைத்துப் பார்த்தால் அது வேறு விமானம். நான் சொல்லவில்லை.

அதோடு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தரையிலேயே விமானம்போல ஓட்டிக் காட்டும் சிமுலேட்டர் தேர்வு. ஆண்டுதோறும் மருத்துவச் சோதனை. அதில் தற்காலிகமாகத் தகுதி இல்லை என்று எழுதிவிட்டால் பறக்க முடியாது. பறக்காவிட்டால், பறந்த மணிக்கணக்குக்குத் தரும் படியும் இல்லை. உடம்பு வலிக்கு என்று அம்மா கட்டிக்கொடுத்த தசமூலாரிஷ்டம் என்ற ஆயுர்வேத மருந்தை அவன் தொடவே மாட்டான். அரிஷ்டத்தில் தானாக ஊறிய ஆல்கஹால் இருக்கிறது. அது மூச்சுச் சோதனைக் கருவியில் காட்டிவிட்டால் பிழைப்பே போய்விடும். அந்தப் புட்டிகள் எல்லாம் எங்கள் வீட்டு அலமாரியில்தான் நிற்கின்றன.

கேப்டன்கள் நிறைய வாங்குகிறார்கள் என்பது உண்மை, மறுக்கவில்லை. மாதம் 7 லட்சம் வாங்கும் கேப்டன் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 50 லட்சத்தைத் தாண்டுவதால் வரியின் மேல் 10 விழுக்காடு சர்சார்ஜும் சேரும். மாதம் ஏறக்குறைய 1,98,000 ரூபாய் வரிக்கே போகும். வளைகுடா நிறுவனங்களில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே குடியேறுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. வளைகுடாப் பணத்தில் எழுந்த வீடுகள் நிறைந்த நம் மாவட்டத்தில், சொன்ன சம்பளம் அப்படியே கைக்கு வரும் என்று எல்லோரும் நம்புவதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அந்தக் கணக்கை டெல்லியில் வேலை பார்ப்பவன் மேல் போடாதீர்கள்.

பால் வெட்டிப் பிழைப்பவர்களை விட அவன் நன்றாகத்தானே இருக்கிறான் என்று கேட்டால், ஆம், நன்றாகத்தான் இருக்கிறான். நான் ஏழ்மைக் கதை சொல்ல வரவில்லை. மாதம் 97,000 மிஞ்சுவது எங்கள் வீட்டில் இதற்கு முன் யாரும் காணாத காசு. ஆனால் அந்தக் கேள்வியைப் பால் வெட்டிப் பிழைப்பவர்கள் யாரும் கேட்கவில்லையே. கேட்டவர்களில் இரண்டு பேருக்கு மார்த்தாண்டத்தில் கடை வாடகை மட்டுமே எவ்வளவு வருகிறது என்று எனக்குத் தெரியும். அவர்கள் பெயருக்கு நேரே நோட்டீஸில் 2,000 ரூபாய் என்று இருக்கிறது. நான் யாருடைய வருமானத்தையும் குழுவில் எழுதவில்லை.

உண்மையைச் சொன்னால், அந்த ஒரு லட்சம்கூட என்னை இவ்வளவு வருத்தவில்லை. திங்கட்கிழமை அப்பா, மரத்தில் உறைந்த மிச்ச ரப்பர் பாலான ஒட்டுப்பாலை விற்கக் கடைக்குப் போயிருக்கிறார். அங்கே நின்ற ஒருவர், "கேப்டனுக்க அப்பா இன்னும் ஒட்டுப்பாலு விக்க வாராரு பாருங்க" என்று சொல்ல, கடையே சிரித்திருக்கிறது. அப்பா சாக்கைத் திரும்ப ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்தச் சாக்கு இப்போதும் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையின் ஓரத்தில் இருக்கிறது. அதன் நாற்றம் நான் இதை எழுதும் இடம் வரை வருகிறது.

விழாக் குழுவினருக்கு: ஆண்டுதோறும் தருகிற 5,000 ரூபாயை இந்த ஆண்டும் தருகிறோம். வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வாருங்கள். ரசீதை அப்பாவின் பெயரில் எழுதுங்கள், பெயருக்கு முன்னால் எதுவும் வேண்டாம்.