கேஷ் வேறு, காசு வேறு

குடும்ப வாட்ஸப் குழுவில் காரைக்குடிச் சித்தப்பா மறுபடியும் போட்டுவிட்டார்: ‘கேஷ் என்ற ஆங்கிலச் சொல் நம்ம காசிலிருந்து வந்தது.’ கைதட்டல் குவிந்துவிட்டது. அங்கே மறுத்தால் தமிழ்த் துரோகி ஆகிவிடுவேன். அதனால் இங்கே சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் கேஷ் இரண்டு உண்டு. நாம் ரொக்கம் என்கிறோமே, அந்தக் கேஷுக்கு வேர் லத்தீனில் ‘கப்ஸா’. பெட்டி என்று பொருள். பிரெஞ்சு, இத்தாலி என்று சுற்றி ஆங்கிலத்துக்கு வந்தபோது பணப்பெட்டியையும் குறித்தது. அப்புறம் பெட்டி உதிர்ந்து, உள்ளே இருந்த பணம் மட்டும் நின்றுவிட்டது. கேஷியர் என்றால் பெட்டிக்காரர். கடையில் இருக்கும் கேஷ் பாக்ஸ், கணக்குப்படி பெட்டிப் பெட்டி!

இன்னொரு கேஷ் நம்முடையதேதான். போர்த்துக்கீசியர் காசைக் ‘கைஷா’ ஆக்கினார்கள். அவர்கள் மொழியில் கைஷா என்றாலும் பெட்டிதான். குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும்? அதை வாங்கி ஆங்கிலேயர் கேஷ் என்றார்கள். மதராஸில் கம்பெனிக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818 வரை இதுதான். சீனாவின் நடுவில் ஓட்டை போட்ட காசுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். பெருமைப்பட வேண்டுமென்றால் இதற்குப் படலாமே சித்தப்பா.

எனக்கு இதில் ருசியான இடம் வேறு. நம் பக்கத்து லேவாதேவிக் கடைகளில் அந்தக் காலத்தில் தொழில் பழகப் போன பிள்ளைக்குப் பெட்டியடிப் பையன் என்று பெயர். அடுத்தாள், மேலாள் எல்லாம் அதற்குப் பிறகுதான். எங்கள் ஐயா பர்மாவில் அப்படித் தொடங்கியவர். ஆங்கிலேயனுக்கும் நமக்கும் பணம் என்றால் முதலில் பெட்டிதான் ஞாபகம் வந்திருக்கிறது, யாரும் யாரிடமும் கடன் வாங்காமலே.

ஐயாவின் கைப்பெட்டி வீட்டு வளவில் இன்னும் இருக்கிறது. சாய்ந்த மூடி, உள்ளே குட்டிக் குட்டி அறைகள், ஓர் அறையில் மட்டும் புதுக்கோட்டை அம்மன் காசு இரண்டு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் தேய்ந்து போயிருக்கிறாள். மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்பது தடவினால் விரலில் தட்டுப்படுகிறது. பெட்டியும் காசும் சேர்ந்தாற்போல் படமெடுத்து, மேலே சொன்னதை இரண்டே வரியாக்கிக் குழுவிலும் போட்டேன்.

சித்தப்பா உடனே பதில் அனுப்பினார்: “முனீஸ்வரன் கோவில் தெரு பழம்பொருள் கடையில இதை எடுத்துக்குவாங்களே. கேஷாக் குடுப்பாங்களா?”